கை நிமிர்ந்த சேதி

ஒப்பாரிக்கு நடுவிலிருந்து எழுந்து அகல்யா வாசலுக்குப் போனாள். அங்கே சித்தப்பா கந்தவேலும் பங்காளிகளும் வரிசையாகக் கைநீட்டி நின்றார்கள். துக்கத்துக்கு வந்த ஆண்கள் ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவள் வரிசையின் முதலில் போய் நின்றாள்.

"கண்ணு, பொம்பளப் புள்ளைங்க இங்க நிக்கறதில்ல சாமி. உள்ள போ."

"அப்பாவுக்கு நான் ஒருத்திதானுங்க சித்தப்பா."

கந்தவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்து நின்றார்.

நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்தவர் அவள் அப்பா அர்த்தநாரி. சேலத்தில் மகள் செய்யும் ஆராய்ச்சியை டீக்கடையில் யார் கிடைத்தாலும் விளக்குவார். நோயைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் பிடிக்கிற துண்டை மட்டும் தனியாகச் செய்து பிளாஸ்டிக் தகட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டத்தான் செய்தது, ஆனால் குப்புற விழுந்து ஒட்டியது. பிடிக்கிற கை அடியில் மாட்டிக்கொண்டால் எதைப் பிடிக்கும்? மூன்று வருடம் அப்படியே கிடந்தது.

"பிரைமர் அடிக்காம பெயிண்ட் அடிச்சா அப்படித்தான் சாமி," என்றார் ஒருநாள். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, தகட்டின் பூச்சை மாற்றிப் பார்த்தாள்.

ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கை நிமிந்துச்சா?"

செவ்வாய்க்கிழமை நிமிர்ந்தது. நேரில் சொன்னால் அந்த முகத்தைப் பார்க்கலாமே என்று போனில் சொல்லாமல் அடக்கி வைத்தாள், பாவி. சனிக்கிழமை சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இன்று ஞாயிறு.

முதலில் வந்தவர் அவள் கையைப் பார்த்துத் தயங்கி, சித்தப்பாவிடம் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. உள்ளே போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த சென்னிமலை வந்தார். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானங்கூட பட்டி தேச்சுக்கிட்டே சொன்னாரு. நாளைக்கிப் புள்ள வருது, கேக்கோணும்னு." கையை விடாமலே கேட்டார். "நிமிந்துச்சா சாமி?"

"நிமிந்துருச்சுங்க மாமா."

சென்னிமலை தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பெண்கள் விலகி வழிவிட, அர்த்தநாரியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வாசலுக்கு அது கேட்கவில்லை.

அடுத்து வந்தவர் அவள் கையைத் தொட்டார்.