மலைக்குப் போன பைப்

வெள்ளவத்தையில் தண்ணீர் சோம்பேறி. இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். அந்தச் சோம்பலை நம்பித்தான் நாகேந்திரம் முதலாளி இருபது வருடமாகப் பைப் விற்றார். டைப் நானூறு மெல்லிசு, அறுநூறு தடிப்பு. தின்னர் போட்டுப் பைப்பில் அச்சடித்த எழுத்தைத் துடைத்துவிட்டால் நானூறும் அறுநூறு விலைக்குப் போகும். குறை சொல்லி ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

பசறைப் பக்கத் தோட்டமொன்றின் தண்ணீர்த் திட்டத்துக்கு ஒரு லொறி பைப் போனபோதும் அதே கைவரிசைதான். உச்சி ஊற்றிலிருந்து நூற்றெழுபது அடி கீழே தொழிலாளர் லயத்துக்கு விழும் தண்ணீர் சோம்பேறியாக இராது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பேரம் பேசும்போது மலை பக்கத்தில் நிற்கவில்லையே!

ஒரு காலை ஆமிக்காரன் ஒருவன் கடைக்குள் வந்தான். கையில் வாய் பிளந்த மூன்றடிப் பைப். பின்னால் ஐம்பது வயதுப் பெண். பைப்பைக் கண்டாலே குண்டென்று பதறும் யுத்த காலம். வழிச் சோதனைச் சென்றியில் அவளை இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்கள்.

"முதலாளி, மேக்க ஒயாகேத?" இது உங்களுடையதா என்று சிங்களத்தில் கேட்டான்.

இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பியது. இல்லையென்றால் அவளை ஏற்றிப் போக வாசலில் ஆமி ட்றக் காத்து நின்றது.

"ஒவ் மாத்தயா, அபே தமய்," எங்களுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

அவன் பைப்பை மேசையில் போட்டுவிட்டுப் போனான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா புண்ணியத்துல தப்பிச்சேங்க. எம் பேரு பேச்சியம்மா, தோட்டத்துத் தண்ணிக் கமிட்டித் தலைவிங்க. நாங்கதான் கவனிக்காம பைப்ப ஒடச்சிட்டோம்னு ஆபீஸ் ஐயாமாரு சொல்றாங்க. இனி கீழ் லயத்துக்குப் பைப் லைன் கெடையாதாம். அங்கன புள்ளைங்க இன்னும் ஓடைத் தண்ணிதாங்க குடிக்குது. எங்க மேல பெசகில்லன்னு ஒரு கடுதாசி குடுங்க."

"கடிதம் என்னத்துக்கம்மா? இருபது பைப் சும்மா தாறன், கொண்டு போங்கோ."

"அதே பைப்புங்களா?"

அவள் உண்மையாகவேதான் கேட்டாள். சாமான் வாங்க நின்ற இருவர் சிரித்தார்கள்.

நாகேந்திரம் கடிதம் எழுதினார்: மண் சரிவினால் உடைந்திருக்கலாம். சனத்தின் மேலும் பழியில்லை, கடையின் மேலும் பழியில்லை. மலை என்ன, கோட்டுக்கு வந்து சாட்சி சொல்லவா போகிறது?

பேச்சியம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். முகம் சுருங்கியது.

"மண்ணு சரியலீங்களே. சரியக் கூடாதுன்னுதானே ஊத்துக்கு மேல மரம் வச்சு, நாலு வருஷமா ஒரு வெறகு ஒடிக்காம காக்குறோம்? இதக் குடுத்தா, ஆபத்தான எடம், லைனே வேணாம்னுடுவாங்க."

கடிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அதைக் கசக்கிவிட்டு இன்னொன்று எழுத அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"போய் ஆறுதலா வாசியுங்கோ."

"இங்கனயே வாசிச்சுடுறேங்க. வெளங்காட்டி ஐயாவக் கேக்கலாம்ல."

மனதுக்குள் வாசிக்க அவளுக்குப் பழக்கமில்லை.

"டைப்... அறுநூறு... என்று... சொல்லி... நானூறைக்... கொடுத்தது... நான்."

சிரித்த இருவரும் இப்போது சிரிக்கவில்லை. விரல் கடைசிச் சொல்லில் நின்றது.

"இந்த 'நான்'ங்கிறது யாருங்க ஐயா?"

"நான்தான்," என்றார் மேசையைப் பார்த்து.

பேச்சியம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். போகும்போது அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தானே பிழை செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டே படியிறங்கினாள்.