கழுத்தளவு

மைக்ரோமீட்டரின் வாயில் பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்தை வைத்துத் திருகிப் பார்த்த வெர்னா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மயிரிழை மெலிசு. அடுத்ததும் அப்படியே. பெட்டியில் இருந்த அத்தனையும் அப்படியே.

குறிசுடும் போட்டிக்காரர்கள் கடையில் வாங்கிய கூட்டை அப்படியே போடமாட்டார்கள். அவரவர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குத் தக்கபடி கழுத்தைக் கடைந்து, நீளத்தை நறுக்கி, வாயைச் சீவிக்கொள்வார்கள். பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் வெர்னாவும் ஹார்லனும் கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தவர்கள். படுக்கையில் விழுந்த பிறகு, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று அவளுடைய கூடுகளையும் கேட்டு வாங்கிக் கடைந்தான் ஹார்லன். நோய் மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று நினைத்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முன்னறைக் கட்டிலில் அவன் விழித்துத்தான் இருந்தான்.

"கிழவா, என் கூட்டையெல்லாம் உன் துப்பாக்கி அளவுக்குக் கடைஞ்சு வச்சிருக்க. என்னோடதுல போட்டா தொளதொளன்னு கெடக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்ச? சீவின பித்தளைய ஒட்டவா முடியும்? சனிக்கிழமை நான் எதை வச்சுச் சுடறது?"

"நான் போனப்புறம் போட்டிக்கே போகமாட்டேன்னு மககிட்ட சொன்னியாமே. அப்புறம் எதுக்கு அளந்து பாக்கற?"

வெர்னா கையிலிருந்த கூட்டைப் பெட்டிக்குள் போட்டாள்.

"அந்தக் கழுத்துக்குப் பொருந்தற துப்பாக்கி வீட்டுலயே இருக்கு. எடுத்துட்டுப் போ. பூட்டி வைக்கற சாமானில்ல அது."

"தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னவன்தானே நீ."

"இப்ப எந்திரிச்சு வந்தா ஒடிக்கப்போறேன்?"

எப்போதுமே உடும்புப்பிடிக்காரன். வெர்னா முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டுக் கூடுகளின் வாயைச் சீவ ஆரம்பித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டான்.

"அழுத்தாத. மெதுவா," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ம், அதான்."

அதற்குப் பிறகு அவன் குற்றமே சொல்லவில்லை என்பது சில கூடுகள் தாண்டித்தான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். போய்விட்டிருந்தான். வாதத்தில் ஜெயித்தவன் முகம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தீர அழுதாள். நல்ல சாவு என்று அவளுக்கே தோன்றியது.

சாயங்காலம் மகள் ட்வைலா வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

"பாஸ்டர்கிட்ட பேசிட்டேம்மா. சனிக்கிழமை காலையில அடக்கம் வச்சுக்கலாங்கறார்."

"சனிக்கிழமை முடியாது. எனக்குப் போட்டி இருக்கு. திங்கக்கிழமைன்னு சொல்லு."

"அம்மா, ஊரு என்ன பேசும்?"

"ஊரு பூரா அங்கதான் இருக்கும்."

சனிக்கிழமை அந்தக் கூடுகளில் மருந்தும் குண்டும் நிரப்பி எடுத்துப்போய் ஹார்லனின் துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதன் விசை அவளுடையதைவிட ரொம்ப லேசு. விரல் பட்டதுமே, குறி நிலைக்குமுன் குண்டு போய்விட்டது. இலக்கைத் தாண்டி மண்மேட்டில் புழுதி கிளம்பியது. பக்கத்து மேசை ரஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஹார்லன் இதைச் சொல்லித் தரலையா?"

"தொட விட்டாத்தானே."

சொல்லும்போதே வெர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தோட்டாவை எடுத்து அறைக்குள் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது.