மேட்டில் நிற்கும் வண்டி

மெக்கானிக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. பிடிவாதம் ஒன்றுதான் உண்டு. பழைய வண்டி எதுவானாலும் முதலில் ஒழுங்காக ஓட வேண்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் வர்ணம் அடிப்பதும் அதற்குப் பிறகுதான். ஜோடனை முடிந்த வண்டி மக்கர் பண்ணினால், அது பழைய கோளாறா, நாமே இழுத்துவிட்ட புதுக் கோளாறா என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் அவருக்கு வாய்த்த கூட்டாளி, அவருடைய தங்கையின் புருஷன். பெயிண்டர். நல்ல கை, சும்மா இருக்காத கை. இரும்பைக் கண்டால் எதையாவது பூசியாக வேண்டும். தங்கை புருஷனாய்ப் போனதால் ஒரு அளவுக்கு மேல் கடிந்து பேசவும் வழியில்லை.

இந்த முறை வாக்கு வாங்கிக்கொண்டுதான் வேலையில் இறங்கினார். பல் டாக்டர் ஒருவர் எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிவந்த வண்டி. வயதில் பெயிண்டருக்கே மூத்தது. ஹேண்டிலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைக் குறைத்து, பெற்றவனுக்கே அடையாளம் தெரியாதபடி மாற்றித் தர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

"ஓடுற வரைக்கும் பிரஷ்ஷோட அது பக்கத்துல வராத மாப்ள."

"வர மாட்டேன் மச்சான். என்னைய என்ன சின்னப் புள்ளைன்னு நெனச்சீங்களா?"

வண்டி ஓடத்தான் செய்தது. முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். கடைத்தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறும்போது மட்டும் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். சூடானால் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது, அப்படியானால் தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில்தான் என்று அதை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், திரும்பவும் கழுவினார். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். டேங்கையும் துரு போகக் கழுவினார். பட்டறையில் ஸ்டாண்டு போட்டு ஓடவிட்டால் சமர்த்தாக ஓடியது. மேட்டுக்குப் போனால் தன் குணத்தைக் காட்டியது. மேட்டில் பெட்டிக்கடை வைத்திருந்தவர், இவர் வருவதைப் பார்த்ததும் உட்கார ஸ்டூலை எடுத்துப்போடும் அளவுக்குப் போய்விட்டது.

உடம்பு அலுப்பை அவர் பொருட்படுத்தவில்லை. கை விட்டுப்போய்விட்டது என்ற நினைப்புதான் அரித்தது. தெருமுனையில் வண்டி வரும்போதே காதால் நோய் சொன்னவர் அவர். இப்போது எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டே மண்டை காய்ந்து நிற்கிறார். அவர் மனைவி தன் தம்பியின் கிடங்கில் அவருக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"உக்காந்து பாக்குற வேலைதானே. முடியலன்னா இத விட்ருங்க. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றாள்.

பிரியமாகத்தான் சொன்னாள். அந்தப் பிரியம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இன்றைக்கும் மேட்டில் நின்றால் பட்டறையை மூடிவிட்டுக் கிடங்குக்குப் போவது என்று தீர்மானித்துக்கொண்டு, சாயங்காலம் வண்டியை எடுத்தார்.

நின்றது.

குனிந்து பார்க்கக்கூடத் தெம்பு இல்லை. பெட்டிக்கடைக்காரர் காட்டிய ஸ்டூலையும் வேண்டாம் என்றுவிட்டார். சீட்டில் உட்கார்ந்தபடியே, வேறொன்றும் செய்யத் தோன்றாமல், டேங்கின் மூடியைத் திருகினார். மூடி வர மறுத்து இழுத்துப் பிடித்தது. பிறகு உஸ்ஸென்று காற்று உள்ளே போக, மூடி கையோடு வந்தது.

தலையில் யாரோ நறுக்கென்று குட்டிய மாதிரி இருந்தது. மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் பெட்ரோலைக் கீழே விடாது. பட்டறையில் சும்மா ஓடும்போது குடிப்பது கொஞ்சம்தான், மேட்டில்தான் வண்டி தவித்துப்போகும்; ஓரங்கட்டினால் காற்று மெல்லக் கசிந்து நுழைய, மறுபடி கிளம்பும். மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புதுசாய்ப் பளபளத்தது. நிறமே இல்லாத லேக்கர் பூச்சு துளைக்குள் வழிந்து கெட்டியாகியிருந்தது.

சாவிக்கொத்தில் கிடந்த ஊக்கால் குத்தி எடுத்துவிட்டு உதைத்தார். வண்டி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பியது. ஒரு இருமல் இல்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கை தன்னிடம்தான் இருக்கிறது என்ற நிம்மதியில் கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

பட்டறையில் பெயிண்டரிடம் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"இது யாரு பண்ணுன வேல?"

"பாலிஷ் போட்டு ஒரு கோட்டு லேக்கர் குடுத்தேன் மச்சான். வெறும் மூடிதானே, வண்டியில சேராதுன்னு நெனச்சேன்."

மெக்கானிக் துளையைக் காட்டினார். விஷயம் புரிந்ததும் பெயிண்டரின் முகம் தொங்கிப்போய்விட்டது.

"இத்தன நாளா என் கைதான் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன் மாப்ள."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மச்சான்" என்றான் பெயிண்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க படுற பாட்டப் பாக்க முடியல. அதான் வேற மெக்கானிக் பாத்துக்கச் சொல்லி டாக்டருக்கு நேத்து போன் பண்ணிட்டேன்."

கோபம் அப்போதுதான் வந்தது. லேக்கரை அவரால் மன்னிக்க முடிந்தது, இதை முடியவில்லை. சத்தம் போடவும் தெம்பில்லாமல், சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏறு. மேட்டத் தாண்டிப் பாலம் வரைக்கும் போயிட்டு வா. வந்து டாக்டருக்குப் போனப் போட்டு, வண்டி எப்படி ஓடுது, எதனால நின்னுச்சு, ரெண்டையும் உன் வாயால சொல்லு. அப்புறம் பிரஷ்ஷ எடு."

பெயிண்டர் ஏறி உதைத்தான். மெக்கானிக் வாசலில் நின்று காதைக் கொடுத்தார். சத்தம் கடைத்தெருவைக் கடந்தது, மேட்டில் கனத்தது, இருமாமல் மேலேறி அந்தப் பக்கம் தேய்ந்து மறைந்தது. அதற்குமேல் அவர் நிற்கவில்லை. உள்ளே போய் டயர்களுக்கு நடுவே கிடந்த பெஞ்சில் சாய்ந்தார். வண்டி திரும்பி வந்து வாசலில் நின்று, பெயிண்டர் தயங்கித் தயங்கி டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தபோது, அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.