கரியும் ஓட்டாஞ்சல்லியும்

கையை எடுத்துகினு பூ குடுத்தானுங்க. இத நான் யார்கிட்ட வேணாலும் சொல்வேன், எனக்கு இன்னா பயம்? என் வூட்டுக்காரர் நடேசன் மறைமலை நகர் பக்கம் ஒரு பிரஸ் கம்பெனியில பதினோரு வருஷம் மெஷின் ஓட்டினவரு. தொண்ணூத்தொண்ணுல, பொங்கல் முடிஞ்ச மறுவாரம், செகண்ட் ஷிப்டுல அந்த பிரஸ் அவரு வலது கை மேல எறங்கிடுச்சு. அஞ்சாம் நாளு ஆஸ்பத்திரியில மணிக்கட்டோட கையை எடுத்தாங்க. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சூப்பர்வைசர் கோதண்டராமன் ஒரு பூந்தொட்டியத் தூக்கிகினு வந்து நிக்கிறாரு. மேனேஜர் சம்சாரம் குடுத்து வுட்டாங்களாம். பெங்களூர் செடியாம். ஆர்க்கிட்டாம்.

வாயில நல்லா வந்தது எனக்கு. இத வச்சு அவரு சோறு துன்னுவாரான்னு கேட்டுட்டேன். அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு பாவம், தலையக் குனிஞ்சுகினு தொட்டிய ஆஸ்பத்திரி ஜன்னலாண்ட வச்சுட்டுப் போயிட்டாரு. ஒல்லிக் கரும்பு மாதிரி கணு கணுவா அஞ்சு தண்டு, அதுல ஒரு தண்டுலேர்ந்து நீளமா ஒரு காம்பு, காம்பு முழுக்க கத்திரிப்பூ கலர்ல பூ. வாசனை கிடையாது. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு.

ஒண்ண இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா என்னை நல்ல பொம்பளன்னு நெனச்சுகினே கேப்பீங்க. மொத நாளே டாக்டரு என்னைக் கூப்பிட்டு, ரெண்டு விரல் நசுங்கிப் போச்சு, இன்னிக்கே எடுத்துட்டா மீதிக் கை நிக்கும், கையெழுத்துப் போடும்மான்னாரு. நான் மாட்டேன்னேன். விரல் இல்லாதவன கம்பெனியில எவன் வச்சுப்பான், ஒரு நாள் பாக்கலாம் சார்னு கெஞ்சினேன். என் வூட்டுக்காரரு ஊசி மயக்கத்துல கெடந்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிகினு ஒரு நாள நாலு நாளா இழுத்தேன். அதுக்குள்ள அழுகல் மேல ஏறிப்போச்சு. அஞ்சாம் நாளு டாக்டரு, இப்ப கையா உசுரான்னு கேட்டாரு. அப்ப போட்டேன் கையெழுத்து.

மயக்கம் தெளிஞ்சு எழுந்தவரு கேட்டது ஒரே கேள்வி. யாரு எடுக்கச் சொன்னதுன்னாரு. நான்னு சொன்னேன். மீதிய சொல்ல வாய் வரல. அதோட சரி, அவரு என்கிட்ட பேச்ச நிறுத்திட்டாரு.

வூட்டுக்கு வந்தப்புறமும் அப்படித்தான். எங்க ஊரு செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலண்டப் பக்கம், நாலு தெரு. பாக்க வந்தவங்க எல்லாருக்கும் பதில் சொல்வாரு, எனக்கு மட்டும் ‘ம்’. வெட்டின கைமேல எந்நேரமும் ஒரு துண்டு. கட்டு பிரிச்சு காயம் ஆறினப்புறமும் துண்ட எடுக்கல, நான் கூட பாத்தது கிடையாது. சோத்தப் பெசஞ்சு வச்சுட்டு நான் வெளியப் போயிடணும். பீச்சாங்கையால ஸ்பூன் புடிச்சு செவுத்தப் பாத்துகினு துன்னுவாரு. பக்கத்து வூட்டு சின்னப்பொண்ணு, போகப் போக சரியாயிடும்க்கான்னு சொல்லுவா. அவளுக்கு இன்னா தெரியும்?

ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டாந்து வூட்டு ஜன்னல்ல வச்ச அந்தச் செடிய மட்டும் பாப்பாரு. பாக்கறாரேன்னு நானும் அத நல்லா வச்சுக்கணும்னு நெனச்சேன். தொட்டிக்குள்ள கைய வுட்டுப் பாத்தா மண்ணே கிடையாது. கரித்துண்டும் ஒடஞ்ச ஓட்டாஞ்சல்லியும் போட்டு ரொப்பி வச்சிருக்கான். அட பாவிங்களா, குடுக்கறதுதான் குடுத்தீங்க, ஒரு புடி மண்ணு போடக்கூட மனசு வரலயான்னு வயிறு எரிஞ்சது. எங்க ஏரி வண்டலுக்கு மிஞ்சின மண்ணு எங்க கீது? கத்திரி பாத்திக்குன்னு ஒரு மூட்டை வச்சிருந்தேன். கரியையும் ஓட்டையும் கொல்லப்பக்கம் கொட்டிட்டு, வண்டலும் சாணி எருவும் கலந்து வேர மூடி நல்லா அமுக்கி நட்டேன். அரிசி கழுவின தண்ணிய தெனம் ஒரு சொம்பு ஊத்தினேன்.

பூ பங்குனி வரைக்கும் நின்னுது. அப்பால ஒண்ணொண்ணா கொட்டிச்சு, காம்பு காஞ்சு போச்சு, எலை மஞ்சளாயிடுச்சு. வெயிலாச்சேன்னு ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். ஊத்த ஊத்த தண்டு சுருங்கிகினே போகுது. அப்படியே குப்பையில போடலாம்னு தூக்கினப்ப பின்னாடிலேர்ந்து, "இருக்கட்டும்"னாரு. மூணு மாசத்துல எனக்குன்னு அவரு சொன்ன மொத வார்த்தை அதுதான். தொட்டிய எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்.

மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சது ஊர் ஒலகத்துக்கே தெரியும். அதுக்கப்புறம் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போலீஸு வூடு வூடா வந்து விசாரிச்சாங்க. கை போன ஆம்பள ஒருத்தரு துண்டு போட்டு மூடிகினு குந்தியிருந்தா கேக்காம இருப்பாங்களா? ரெண்டு பேரு வந்தாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க, கை எப்படிப் போச்சுன்னு. நான் ஆஸ்பத்திரி காயிதத்த எடுக்க உள்ள ஓடினேன். அவரு என்னைப் பாக்காம அவங்களப் பாத்து சொன்னாரு.

"இவளக் கேளுங்க. எடுக்கச் சொல்லி கையெழுத்துப் போட்டவ இவதான்."

அவங்க காயிதத்தப் பாத்துட்டு சரின்னு போயிட்டாங்க. நான் அடுப்பாண்ட போயி குந்திகினேன். அன்னிக்கு அழுதது அவரு சொன்னதுக்காக இல்ல. இவருக்கு பாதிதான் தெரியும், பாதிக்கே இப்படி வெறுக்கறாரு, மீதி தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாரான்னு நெனச்சு அழுதேன். சொல்லிடணும்னு தெனம் காலையில எழுந்திருப்பேன். அவரு மூஞ்சியப் பாத்ததும் கம்முனு ஆயிடுவேன்.

ஆனி மாசம் ஒரு நாள் கொல்லப்பக்கம் துணி தோச்சுட்டு வரேன், அவரு தரையில குந்திகினு தொட்டிய முழங்காலுக்கு நடுவுல இடுக்கி, செடிய வெளிய இழுத்துகினு இருந்தாரு. அப்பறம்தான் கவனிச்சேன். ஒரே ஒரு வேரு மட்டும் மண்ணுக்குள்ள போகாம தொட்டிக்கு வெளிய தாண்டி ஜன்னல் கட்டைய புடிச்சுகினு வளந்திருந்துது. அது மட்டும் வெள்ளையா, கெட்டியா, நுனியில பச்சையா இருந்துது. தண்ணியும் இல்ல, எருவும் இல்ல, காத்துல தொங்கினது பொழச்சுகீது. என் ஏரி மண்ணுக்குள்ள இருந்ததெல்லாம் கறுத்துப் போயி, தொட்டா தோலு வழுக்கி நாரு கையோட வருது. நாத்தம் தாங்காம முந்தானையால மூக்கப் பொத்திகினேன்.

அவரு மண்ணக் கொட்டி, வேர பக்கெட் தண்ணியில அலசினாரு. கத்திய அடுப்புத் தணல்ல காட்டிட்டு வந்து பீச்சாங்கையால வெட்ட ஆரம்பிச்சாரு. முழுசா செத்தத எல்லாம் வெட்டிட்டாரு. பாதி கறுத்து பாதி வெள்ளையா கீதே, அதாண்ட வந்து கத்தி நின்னுடுச்சு. தடவித் தடவிப் பாக்கறாரு. "இதுல இன்னும் உசுரு கீது"ன்னு தனக்குத்தானே சொல்லிகினு அப்படியே வுட்டுட்டாரு. வெட்டுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு துடிச்சுது. சொல்ல எனக்கு இன்னா யோக்கியதை? கொல்லையில கொட்டின கரியையும் ஓட்டையும் பொறுக்கி கழுவிக் குடுத்தேன். வாங்கி தொட்டியில போட்டாரு.

பத்து நாள்தான். காலையில அவரு ஜன்னலாண்ட ரொம்ப நேரம் நிக்கறாரேன்னு போயி பாத்தேன். வுட்டு வச்ச பாதி வேரு வழியா அழுகல் மேல ஏறி, அடித்தண்டுக்கு வந்துடுச்சு. அஞ்சு தண்டுல மூணு அடியில கறுத்து, அமுக்கினா தண்ணி கசியுது. தலையில கை வச்சுகினு கீழ குந்திட்டாரு. "அன்னிக்கே வெட்டியிருக்கணும். பாவம்னு வுட்டேன். நானே கெடுத்தேன்"னாரு. செடிக்காக ஒரு ஆம்பள கண்ணு கலங்கி நான் பாத்தது கிடையாது. அவரு கைக்குக் கூட அழல.

அதுக்கு மேல என்னால தாங்க முடியல. அவரு எதுருல குந்திகினேன்.

"மொத நாளு டாக்டரு ரெண்டு விரல் எடுத்தா போதும்னாரு. நான்தான் மாட்டேன்னேன். நாலு நாள் இழுத்தேன். அதுக்குள்ள ஏறிடுச்சு. நான் கையெழுத்துப் போட்டதால உங்க கை போகலங்க. போடாம இருந்ததால போச்சு."

அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா கூட தேவலை. அவரு எழுந்து செருப்ப மாட்டிகினு வெளிய போயிட்டாரு. ஏரிக்கரையில ஒண்டியா குந்திகினு கீறாருன்னு சின்னப்பொண்ணு வந்து சொன்னா. பொழுது சாஞ்சு வந்தாரு, பெசஞ்சு வச்ச சோத்தத் தொடல. மறுநாளும் அதே கதை. ‘ம்’ கூட கிடையாது. எங்க அம்மா வூட்டுக்குப் போயிடலாம்னு ரெண்டு பொடவைய மடிச்சு பையில வச்சேன். அவரு போன்னு சொல்லட்டும், போயிடலாம்னு இருந்தேன்.

மூணாம் நாளு வெயில் எறங்கற நேரம் வந்தாரு. வாசல்ல சாக்கு விரிச்சாரு, செடியக் கொண்டாந்து வச்சாரு, கத்திய தணல்ல காட்டிட்டு வந்தாரு. என் பையப் பாத்தாரு. வந்து புடின்னாரு. நான் ரெண்டு கையாலயும் செடியப் புடிச்சேன்.

"எதுவரைக்கும் வெட்டணும், நீ சொல்லு."

நீங்களே பாத்து வெட்டுங்கன்னேன். அவரு கத்திய வச்சுகினு காத்துகினு இருந்தாரு. நான் கறுப்பு முடியற எடத்தக் காட்டினேன். அப்பவும் வெட்டல, என்னையே பாத்தாரு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அது பத்தாதுன்னு. வெரல இன்னும் தள்ளி, அடித்தண்டுல நல்ல பச்சையா கீற எடத்துல வச்சேன். இங்கன்னேன். வெட்டினாரு. வெட்டின எடம் வெண்டைக்கா உள்பக்கம் மாதிரி பச்சையா ஈரமா இருந்துது. மூணு தண்டையும் அப்படியே எடுத்தோம். ரெண்டு மிஞ்சிச்சு. நான் மஞ்சத்தூள வெட்டின வாயில அப்பினேன். மஞ்சத்தூளு பாதி சாக்குல கொட்டிச்சு.

கத்தியத் தொடச்சுகினே, குனிஞ்ச தலை நிமிராம சொன்னாரு.

"நானா இருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், அம்சா. இந்தச் செடிக்கும் அதத்தான செஞ்சேன்."

நான் வாய் வுட்டு அழுதேன். தெருவுல போறவங்க பாத்தாங்க, பாக்கட்டும். அவரு எழுந்து போயி என் பைய உள்ள தூக்கி வச்சாரு. அன்னிக்கு சோத்துக்கு ஸ்பூன் கேக்கல. என் எதுருல குந்திகினு பீச்சாங்கையால தானே பெசஞ்சு துன்னாரு. பாதி கீழ சிந்துச்சு. நான் வெளியப் போகல.

செடிய புதுசா கழுவின கரியில வச்சு ஜன்னல்ல கட்டித் தொங்க வுட்டோம். நான் சொம்ப எடுத்துகினு போனா மொறைப்பாரு. கரி நல்லா காஞ்சா மட்டும்தான் தண்ணி, அதுவும் தெளிக்கறதோட சரி. ஆடி போச்சு, ஆவணி போச்சு, ஒரு மாத்தமும் கிடையாது. எலையே இல்லாத ரெண்டு குச்சி. சின்னப்பொண்ணு, இன்னாக்கா வெறும் குச்சிக்குப் போயி காவல் காக்கறீங்கன்னு கேலி பண்ணுவா.

பொரட்டாசியில ஒரு நாள் மழை வுட்ட நேரம், உள்ளேர்ந்து அம்சான்னு கூப்புட்டாரு. அடுப்ப அப்படியே வுட்டுட்டு ஓடினேன். பழைய தண்டோட அடியில, நாங்க வெட்டின எடத்துக்குப் பக்கத்துல, பட்டாணி அளவுக்கு ஒரு பச்சைக் குருத்து. அதுக்குக் கீழ நூலாட்டம் ஒரு வெள்ளை வேரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, எங்க எங்கன்னு கேட்டுகினே இருந்தேன். தோ பாருன்னு கையக் கிட்ட கொண்டுபோயி காட்டினாரு. துண்டு தோள்ல கெடந்துது. வெட்டின வலது கையால காட்டினாரு.