மேல் வீட்டுப் பச்சை விளக்கு

படம் போன நேரத்தைத் துரைக்கண்ணு பார்த்து வைத்துக்கொண்டார். ஆறு மணி பத்து நிமிஷம். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி, கேட்டின் கொண்டி விழுந்து, பங்காருவின் ஷேர் ஆட்டோ இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, மேல் வீட்டுக் கதவு பூட்டுகிற நேரத்திலேயே, டிவியில் முருகனுக்கு நடந்துகொண்டிருந்த பாலாபிஷேகம் நின்றது. முதலில் பால் கட்டம் கட்டமாக உறைந்தது. பிறகு திரை முழுக்க நீலமாகி, சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மிதந்தது.

"போச்சா?" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த கௌரியம்மாள்.

"தானாப் போவல. அவன் புடுங்கிட்டுப் போறான்."

அவர் இருபது நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மேல் வீட்டில் குடியிருக்கும் பங்காருவும் அவன் மனைவி புஷ்பலதாவும் வீட்டில் இருந்தால் கீழே படம் தெளிவாக வரும். பூட்டிக்கொண்டு கிளம்பினால் போய்விடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வந்துவிடும். ஒரு நாள் என்றால் தற்செயல். இருபது நாளும் தற்செயல் ஆகுமா? வைகாசியில் அவர்கள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டித் தண்ணீர் வழிந்து ஓடியபோது, தெருவே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லியிருந்தார். பங்காரு பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான். அப்படிப் பேசாமல் போகிறவர்களைத்தான் துரைக்கண்ணு நம்புவதில்லை. சர்க்கரை ஆலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். சட்டைப்பைக்குள் போல்ட்டைப் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டபடியே வெளியே போனவர்களையெல்லாம் பார்த்திருக்கிறார்.

மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் அவருடையது. மாதக் கட்டணம் இல்லாதது. மேல் வீட்டுக்காரர்கள் குடி வந்த புதிதில், எங்களுக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று பங்காரு கேட்டபோது பெருந்தன்மையாகத் தலையாட்டியதும் அவர்தான். மெக்கானிக் ஸ்ரீதர் வந்து, டிஷ்ஷிலிருந்து வரும் ஒற்றை ஒயரில் தீப்பெட்டி அளவு இரும்பு வில்லை ஒன்றைச் செருகி, இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தான். அந்த வில்லை மேல் வீட்டு ஜன்னலுக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். பங்காரு அதைத்தான் கழற்றுகிறான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

ஸ்ரீதரை ஒரு முறை வரவழைத்தும் பார்த்தார். அவன் டிஷ்ஷைத் தட்டிப் பார்த்து, கீழே வந்து ரிமோட்டை அமுக்கி, சிக்னல் முழுசாக இருக்கிறது, குறையே இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். மேலே டிவி ஓடும் சத்தம் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது. குறை இல்லை என்றால் வேறென்ன, ஆள் வேலைதான். துரைக்கண்ணுவுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் அன்றோடு உறுதியாகிவிட்டது.

அவர் அலுத்துக்கொள்வதெல்லாம் தனக்காக இல்லை. கௌரியம்மாள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாற்பத்தொரு ஆடிக் கிருத்திகைக்கும் முருகன் மலைப் படியேறியவள். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் ஏறினாள், அந்தப் பிள்ளை தங்காமல் போன வருஷமும் ஏறினாள். சித்திரையில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். கழிவறை வரைக்கும் வாக்கரைப் பிடித்துப் போவதே பெரிய பாடு. படியைப் பற்றி டாக்டர் பேசவே விடவில்லை. "டிவியில காட்டுவாங்க இல்ல, அதப் பாத்துக்கறேன்," என்று அவள் ஒரு தடவைதான் சொன்னாள். திரும்பச் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை துரைக்கண்ணுவின் நெஞ்சில் ஆணியாக இருந்தது. கிருத்திகையன்று மேல் வீட்டுக்காரர்கள் காவடி எடுத்துக்கொண்டு காலையிலேயே மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வீடு பூட்டியிருக்கும். படம் வராது. அவள் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கிருத்திகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பங்காருவிடம் போய் நின்றார்.

"ஆடியில யாரும் வீடு மாத்த மாட்டாங்க, அதனால இப்ப ஒண்ணும் சொல்லல. ஆவணி பொறந்ததும் வேற வீடு பாத்துக்க."

பங்காருவின் கை கண்ணாடி மேலேயே நின்றது. "இன்னா நைனா தப்புப் பண்ணோம்?"

"உனக்கே தெரியும்."

"தெரியலியே நைனா. பொண்ண இப்பத்தான் இந்த இஸ்கூல்ல நாலாவது சேத்துருக்கோம்."

"இஸ்கூலு எங்கியும் இருக்கு."

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தான். மாடிப்படியின் நடுவில் அவன் மகள் அபி நின்று கேட்டுக்கொண்டிருந்ததைத் துரைக்கண்ணு திரும்பும்போதுதான் பார்த்தார். அவள் சாயந்திரமானால் கீழே வந்து கௌரியம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவள். அன்று சாயந்திரமும் வந்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் கௌரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உனக்காகத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னதற்கு, "என் பேரச் சொல்லி நாலாவது படிக்கிற பொண்ணத் தெருவுக்கு அனுப்பாதீங்க. முருகன் என்னத்தான் கேப்பான்," என்றாள்.

ஆனால் மறுநாளிலிருந்து படம் போகவில்லை. பங்காரு ஆட்டோவோடு கே.ஜி.கண்டிகைக்குப் போனான், புஷ்பலதா கம்பெனி வேனில் ஏறினாள், மேலே பூட்டுத் தொங்கியது. கீழே படம் கண்ணாடி மாதிரி நின்றது. "பாத்தியா?" என்றார் துரைக்கண்ணு. "ஒரு அதட்டுப் போட்டதும் சரியாச்சு பாரு." கௌரியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிருத்திகையன்று விடியும் முன்பே தெரு நிரம்பிவிட்டது. மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளும், தமிழிலும் தெலுங்கிலும் அரோகராவும் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மேல் வீட்டு மூவரும் இறங்கிப் போனதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பங்காருவின் தோளில் சின்னக் காவடி, புஷ்பலதாவின் தலையில் பால் குடம். அபி மட்டும் ஒரு நிமிஷம் நின்று கீழ் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு ஓடினாள். படம் போகவில்லை. கௌரியம்மாள் குளித்து, நெற்றி நிறைய விபூதியிட்டு, தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தீபாராதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைப்படி தெரியும். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று துரைக்கண்ணு ஏறினார். மேல் வீட்டு ஜன்னலில் ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். பூட்டிய வீட்டின் இருட்டுக்குள் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸின் விளக்கு. டிவி அணைந்திருந்தது, பாக்ஸ் மட்டும் எரிந்தது.

ஆள் இல்லாத வீட்டில் அது எதற்கு எரிகிறது? காசைப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள், ஃபேன் சுவிட்சைக்கூட மறக்காதவர்கள். தங்கள் மீட்டரில் ஓடினால் எரியட்டும் என்று விடுவார்களா? ஜன்னலுக்கு வெளியே தொங்கிய ஒயர்களைப் பார்த்தார். எது எங்கே போகிறதென்று புரியவில்லை. புரியாததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. படத்தை விட்டுவிட்டான், இப்போது கரண்டில் கை வைத்துவிட்டான்.

விறுவிறுவென்று இறங்கி, படிக்கட்டின் கீழே இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தார். தன் வீட்டு மெயினைக் கீழே தள்ளினார். உள்ளே டிவி சத்தம் அறுந்தது. மூச்சு வாங்க மறுபடி மேலே ஏறி ஜன்னலில் முகத்தை வைத்தார்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் துளி மின்சாரம் இல்லை. விளக்கு தன்பாட்டுக்கு, மேல் வீட்டு மீட்டரில், பங்காருவின் காசில் எரிந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று தெரியவில்லை. இறங்கி வந்து மெயினைத் தூக்கிவிட்டார். உள்ளே போனபோது படம் வந்திருந்தது. திரை போட்ட சந்நிதி. வெளியே பிரகாரத்தில் யாருக்கோ விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு போயிடுச்சி," என்றாள் கௌரியம்மாள். கூப்பிய கை இன்னும் பிரியாமல் மடியில் கிடந்தது. "குருக்கள் கற்பூரத்தக் கையில எடுத்தாரு. அதுக்குள்ள போயிடுச்சி."

துரைக்கண்ணு செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஸ்ரீதர் எடுத்தபோது பின்னால் ஒரே மேளச் சத்தம். "மலை மேல இருக்கேங்க, சத்தமாப் பேசுங்க," என்றான். பூட்டின வீட்டில் பாக்ஸை மட்டும் எரியவிட்டால் என்ன அர்த்தம் என்று துரைக்கண்ணு கேட்டார். அவன் முதலில் புரியாமல், பிறகு முழுக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"டிஷ்ஷு முன்னால மூக்கு மாதிரி நீட்டிகினு இருக்குது பாருங்க, அதுக்கும் கரண்டு வேணுங்க. பாக்ஸ்லேருந்துதான் அதே ஒயர்ல மேல ஏறுது. உங்க பாக்ஸுக்கு ஏத்தத் தெம்பு இல்ல போல. மேல் வீட்டு பாக்ஸ் எரிஞ்சா அது ஏத்துது, ரெண்டு வீட்லயும் படம் வருது. அத அணைச்சா உங்களுதும் போயிடும். அன்னிக்கு நான் வந்தப்ப மேல டிவி ஓடிகினு இருந்துச்சி, அதான் புடிபடல." பிறகு கேட்டான்: "அடாப்டர் ஏதாவது மாத்தினீங்களா?"

"ஆங். ஆனி கடைசியில கரண்டு எகிறி வந்து கருகிடுச்சி. பழசு ஒண்ணு கெடந்துச்சி, போட்டேன்."

"எதோடது?"

"இன்டர்நெட்டு பொட்டியோடது. குச்சி சரியாப் பொருந்துச்சி. லைட்டும் எரிஞ்சிது."

ஸ்ரீதர் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "குச்சி பொருந்தினாப் போதுமாங்க? பாக்ஸ் லைட் எரியறதுக்கு அது போதும். டிஷ்ஷுக்குப் பத்தாது. நாளைக்கு வரேன், சரியானதப் போட்டுடலாம்."

ஸ்டோரில், அளவு பார்க்காமல் பொருந்துகிறதே என்று ஃப்யூஸை எடுத்துப் போன ஃபிட்டர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். திட்டி அனுப்பியவர்.

உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார், மெயினைத் தள்ளியதையும் சேர்த்து.

"அபி சொல்லிச்சி," என்றாள் கௌரியம்மாள். "நீங்க காலி பண்ணச் சொன்ன அன்னிக்கு சாயந்திரம். மேல அவங்கம்மா பாக்ஸ அணைச்சா இங்க சாமி போவுது, போட்டா வருதுன்னு. ரெண்டு தடவ மேல ஓடிப் போய் ஓடி வந்து பாத்துச்சி. அணைக்காதம்மான்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்னுச்சி. நான் சின்னப் புள்ளப் பேச்சுன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா, அதுக்கும் ஒரு காரணம் கண்டுபுடிச்சிருப்பீங்க."

வெயில் சாயத் தொடங்கியபோது மலையிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். தெருவில் காவடி போகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவதற்காகக் காலையில் நிரப்பி வைத்த பித்தளைக் குடம் வாசலிலேயே இருந்தது. இந்த வருஷம் கௌரியம்மாள் ஊற்றவில்லை. அவருக்கு ஊற்றிப் பழக்கமில்லை. சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார்.

பங்காரு கேட்டைத் திறந்தான். மொட்டை அடித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெறுங்கால். பின்னால் தூங்கி வழிந்த அபியைத் தோளில் போட்டுக்கொண்டு புஷ்பலதா. படியை மறித்து அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பங்காருவின் முகம் மாறியது. அந்த முகத்தைத் துரைக்கண்ணு அறிவார். அடுத்து என்ன குற்றம் வரப்போகிறதோ என்று எதிராளியின் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்க்கிற முகம். இத்தனை நாளாக அது அவருடைய முகமாக இருந்தது.

"இன்னா நைனா?" என்றான், கேட்டருகிலேயே நின்றபடி.

அவர் சொம்போடு எழுந்தார். பங்காரு ஓரடி பின்னால் வைத்தான். புழுதியும் மஞ்சளும் அப்பிய அவன் பாதங்களை நோக்கித் துரைக்கண்ணு குனிந்தார். மேலே, சாத்தாத ஜன்னலுக்குள், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொம்பிலிருந்து முதல் நீர் சூடான சிமெண்டில் விழுந்து, அவன் கால் விரல்களை நோக்கி மெல்ல ஓடியது.