பாவமன்னிப்புப் பெற்ற ஆர்கன்கள்

கோவில் ஆர்கன் இறந்த பிறகு, அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட மூன்று மென்பொருள்களும் டெல்சியின் கல்யாணத்தன்று காலையில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் தன் மடிக்கணினியைத் தானே சுமந்து வந்திருந்தது.

பெண்ணின் தாய் அமலோற்பவம் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை கல்யாண வீட்டுக்காரர்களுக்குத்தான். பஜாரில் முந்திரி மக்ரூனும் கேக்கும் விற்கும் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தவள், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆர்கன் விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இறந்துபோனது சக்கர ஆர்கன். உள்ளே பல் வைத்த இரும்புச் சக்கரங்கள் சுற்றிச் சுற்றித்தான் அதற்குக் குரல் வரும். ஒரு சக்கரம் பாடும்போது பக்கத்துச் சக்கரங்களும் சும்மா இருக்காமல் மெல்லிசாக முனகும். அதைக் கசிவு என்பார்கள். கட்டையை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கும் விழும். செய்தவர்கள் இரண்டையும் குறை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இந்தக் கோவில் தளத்தில் நிற்கிற யாருக்கும் கசிவு இருந்தால்தான் கால் நகரும். ஒருதடவை பாதியில் கரண்ட் போய், ஒரு மாப்பிள்ளை நடுக்கோவிலில் நின்றுபோனான். கரண்ட் வரும்வரை நீளக் கம்பில் தூக்குச்சட்டியைக் கட்டி, ஜன்னல் வழியாக அவனுக்குச் சோறு கொடுத்தார்கள்.

ஆகவே புதிதாக வருவதற்கு நல்ல குரல் மட்டும் போதாது. பழையதன் பாவங்களும் இருக்க வேண்டும். அன்று காலை எல்லோரும் உள்ளே நடந்து வர முடிந்ததே, வரிசையில் நின்ற மூன்றும் பதற்றத்தில் தாமாகவே கசிந்துகொண்டிருந்ததால்தான்.

மனிதர்களின் பாவசங்கீர்த்தனம்தான் ரகசியம். இசைக்கருவிகள் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். போன மாதம் மாற்றலாகி வந்த ஸ்தனிஸ்லாஸ் சாமி காதைச் சாய்த்துக்கொண்டார்.

முதலாவது பெரிய இடத்து மென்பொருள். “என்னிடம் எல்லாப் பாவமும் உண்டு, சாமி. கசிவு எவ்வளவு வேண்டும், சொடுக்கு எவ்வளவு வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அடியோடு அணைத்துவிடலாம்” என்றது.

“பாவத்தத் திருகிக் கூட்டிக் குறைக்கிறவன நம்பி எம் பிள்ளைய நடக்க விட முடியாது” என்றாள் அமலோற்பவம். “அடுத்தது.”

இரண்டாவது, எங்கோ இருந்த நிஜ ஆர்கனின் ஒவ்வொரு கட்டையையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தது. பழைய ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கி வேகம் குறையும்போது விடுமே ஒரு பெருமூச்சு, அதையும் விட்டுக் காட்டியது. அமலோற்பவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருதடவை விடச் சொன்னாள். மயிரிழை மாறாமல் அதே பெருமூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இது மனப்பாடம், சாமி. வேற யாரோ செஞ்ச பாவத்த ஒப்பிக்கிது.”

மூன்றாவது சிறிய மென்பொருள். அதனிடம் பதிவு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்தையும் கணக்காலேயே செய்து உள்ளுக்குள் சுற்றவிட்டிருந்தது. அந்தப் பளுவில் அதன் மடிக்கணினி சூடாகி மூச்சு வாங்கியது.

“எனக்கே தெரியாமல் நடக்கிறது, சாமி. ஒரு சக்கரம் பாடினால் அடுத்தது எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி.”

“இதுதான்” என்றாள் அமலோற்பவம். “கோவிலுக்கேத்த பிள்ள.”

கல்யாணத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாமி பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, மூன்றுக்கும் சேர்த்துப் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

கோவில் அமைதியாகிவிட்டது. சிறிய மென்பொருள் ஒரு சுரத்தை வாசித்தது. கழுவின கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. கசிவில்லை, சொடுக்கில்லை. சாமி எழுந்து ஓர் எட்டு வைக்கப் பார்த்தார். கால் வரவில்லை.

“என்ன காரியம் பண்ணிட்டீய சாமி?” என்றாள் அமலோற்பவம்.

“மன்னிச்சிட்டேம்மா.”

“கொஞ்சம் திருப்பி எடுத்துக்கிடுங்களேன்.”

“கொடுத்தத எடுக்க எனக்கு அதிகாரமில்ல.”

வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக டெல்சி நின்றாள். அவளுடைய முக்காட்டைப் பிடித்தபடி மாப்பிள்ளையின் தாய் மெட்டில்டா நின்றாள். பீடத்தருகே மாப்பிள்ளை. “அம்மா, செருப்பு கடிக்கி” என்று டெல்சி அங்கிருந்தே கத்தினாள்.

“இங்க வா தம்பி” என்று அமலோற்பவம் சிறிய மென்பொருளைக் கூப்பிட்டாள். அதற்குக் கால் இல்லாததால் தளம் அதைப் பிடிக்கவில்லை. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

“ஒரே ஒரு தடவ கசிஞ்சிரு.”

“இனி செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்துவிட்டேன், அம்மா.”

கசிவு என்பது என்ன? ஒருத்தர் விஷயம் பக்கத்து வீட்டுக்குப் போவதுதானே? அமலோற்பவம் அதன் காதில் கடைத்தெருச் செய்திகளைச் சொல்லிப் பார்த்தாள். பேக்கரிக்காரன் மைத்துனன் ஓடிப்போனது, ஐஸ் கம்பெனியில் நடந்த சண்டை. மென்பொருள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டதே தவிர, ஒரு சக்கரமும் அசையவில்லை. தூரத்து ஆள் கதைக்குப் பக்கத்துச் சக்கரம் எட்டிப் பார்க்காது. கோவிலுக்குள் நிற்கிற ஆளாக இருக்க வேண்டும்.

அமலோற்பவத்துக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் கல்யாணமே நின்றுபோகலாம். நின்றால் நிற்கட்டும், பிள்ளை ஒரு காலில் செருப்புக் கடியோடு வாசலிலேயே நிற்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

“இந்த மெட்டில்டா இருக்காளே, வருசா வருசம் கிறிஸ்மஸ் கேக் போட்டியில பரிசு வாங்குறாளே, அந்தக் கேக்க அவ சுடல. எங் கடையில வாங்கி, பேப்பரக் கிழிச்சிட்டுத் தட்டுல வச்சிருவா. நாஞ் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத.”

மென்பொருள் தாங்கிப் பார்த்தது. முதல் சக்கரம் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது சக்கரம் மூன்றாவதைப் பார்த்தது. பிறகு கோவில் முழுவதும் மெல்லிசாக, பழைய ஆர்கன் முனகியதைப் போலவே, கேக் விஷயம் பரவியது. டெல்சியின் கால் பெயர்ந்தது. அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

நடுக்கோவில் வந்ததும் கசிவு மெலிந்தது. கேக் பழசாகிவிட்டிருந்தது. டெல்சி மறுபடி நின்றாள். எல்லோரும் மெட்டில்டாவைப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்து, பிறகு சிவந்து, பிறகு அடங்கியது. முக்காட்டை விடவில்லை.

“சம்மந்தி சொன்னதுல ஒரு பிசகு இருக்கு” என்றாள் உரக்க. “கேக்கு மட்டுமில்ல. மக்ரூனும்தான்.”

சொடுக்குகூடத் திரும்பி வந்துவிட்டது. ‘டிக் டிக்’ என்று டெல்சி பீடம்வரை போய் மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். சாமி பூசையைத் தொடங்கினார். மெட்டில்டா வந்து அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பீடத்தின் இடப்புறம் தேவதூதன் சிலையாக நின்ற மரச் சம்மனசு மெதுவாகக் கீழே இறங்கி, சிறகுகளை மடக்கிக்கொண்டு முன்பெஞ்சுக்கு வந்தது.

“ஐஸ் கம்பெனியில் யாருக்கும் யாருக்கும் சண்டை?” என்று கேட்டது.

அமலோற்பவம் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டாள்.