பன்னிரண்டு மரங்களில் சென்காவின் முகம்

சென்காவைக் கண்டதும் பக்கத்து வீட்டு ஸ்தமேனா அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த கணம் பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். பேக்கரி முனையில் அவளுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்த பெண் பஞ்சோடு பின்வாங்கினாள்.

“உயிரோடதான் இருக்கியாடி? வீதி பூரா உன் சாவு நோட்டீஸ். உங்க வீட்டு வாசல்ல மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு வரேன்.”

செர்பியாவின் அந்த வால்யேவோ ஊரில் யார் இறந்தாலும் கறுப்புக் கட்டத்துக்குள் படமும் கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்களும் போட்டு மரத்தில் ஒட்டிவிடுவார்கள். ஆற்றில் மூழ்கிப்போனதாக ஊர் நம்பும் பெண், தன் சாவு நோட்டீஸ்களைப் பார்த்தபடி நடந்து வருகிறாள். சென்கா நடிக்கும் முதல் சினிமாவில் அவளுடைய முதல் காட்சி அதுதான். ஆர்ட் உதவியாளன் பஸ் நிலையத்திலிருந்து பேக்கரி வரை பன்னிரண்டு மரங்களில் ஒட்டி முடித்திருந்தான். பெயர் கதையில் வரும் பெண்ணுடையது. முகம் சென்காவுடையது. முகத்தைப் பார்த்த பிறகு பெயரை யார் படிக்கிறார்கள்?

சிரிக்க வாய் திறந்தவளை அத்தையின் அடுத்த பேச்சு நிறுத்தியது. அப்பா வுகாஷினை பெல்கிரேடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நாலு மணி பஸ்ஸில் வருகிறாராம்.

மணி மூன்று ஐம்பது.

இரண்டு முறை மாரடைப்பு வந்த மனிதர். அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். மகள் மருந்தாளுநர் படிப்பு படிக்கிறாள் என்றுதான் இந்த நிமிஷம் வரை அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

பத்து நிமிஷம் கேட்டாள். டைரக்டர் கவ்ரிலோ வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம்தான், கேமரா இன்றோடு திரும்பிப் போகிறது, நோட்டீஸில் கை வைத்தால் காட்சியே போச்சு என்றார். அவளுக்குப் பதில் நடிக்கப் பெல்கிரேடில் மிர்னா என்று ஒருத்தி பெட்டி கட்டித் தயாராக இருப்பதையும் சொல்லிவைத்தார்.

சென்கா ஓடினாள்.

முதல் மரம். கிழித்தாள். பசை இன்னும் காயவில்லை, முகம் பாதியோடு கையில் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. பின்னால் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஐந்தாவதில் நகம் பிய்ந்தது. இப்படியே போனால் நேரம் பத்தாது என்று மீதியை விட்டுவிட்டு நேராக ஓடினாள்.

பஸ் வந்து நின்றிருந்தது. காலியாக.

கடைசி மரத்தடியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் மூக்குக்கண்ணாடி மாட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சென்கா சற்றுத் தள்ளியே நின்றாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுவாரோ? கூப்பிடாவிட்டால்?

“அப்பா.”

வுகாஷின் திரும்பவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் அவர் சட்டைப் பையைத் துழாவி மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்தாள். மெல்ல பெஞ்சில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தாறுமாறாக ஓடியது.

“மேல சிலுவை போட்டிருக்கு,” என்றார் அவர், மூச்சு வாங்க. “நான் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். என் வீட்டுச் சாவுக்கு நட்சத்திரம்தான் போடுவோம். சரி, எவனோ தப்பா அடிச்சிட்டான்னு கீழ பார்த்தேன். பேரு வேற யாரோடதோ. துக்கப்படுறவங்க பட்டியல்லயும் என் பேரைக் காணோம். அப்பதான் உயிர் வந்துச்சு.”

மருந்தாளுநர் படிப்பு இல்லை, நடிப்புதான், இது படத்துக்காக ஒட்டிய நோட்டீஸ் என்று அவள் சொல்லி முடிக்கவும் கார் ஒன்று கிறீச்சென்று நின்றது. கவ்ரிலோ இறங்கினார். கன்னத்தில் விரல் பதிந்த, கையில் ரத்தம் வழிந்த சென்காவை அப்படியே பார்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. “மிர்னாவையே கூப்பிட்டுக்குங்க, டைரக்டர்,” என்றாள்.

வுகாஷின் அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். “தோழர் டைரக்டர், என்னைக் கேக்காம என் பொண்ணைக் கொன்னது நீங்கதானா?”

கவ்ரிலோ தொப்பியைக் கழற்றினார்.

“இன்னும் எத்தனை நேரம் வெளிச்சம் இருக்கும்?” என்றார் வுகாஷின்.

“கால் மணி. கிழிஞ்சது கிழிஞ்சபடியே எடுத்துக்கறேன்.”

“சரி, எடுங்க. முடிஞ்சதும் இவளை நீங்களே கொண்டாந்து வீட்ல விடணும்.”

காரில் அத்தனை தூரமும் அவர் கவ்ரிலோவிடமே பேசிக்கொண்டு வந்தார். மகள் பக்கம் திரும்பவே இல்லை. பேக்கரி முனையில் சென்கா இறங்கி, மீதி ஏழு நோட்டீஸ்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.